மாற்றியது என்ன என்று எழுதிக் கொடுப்போம்

ஹைபிரிட் பற்றரி வேலை வராத கராஜ் இன்று இலங்கையில் அரிது. 2010களின் முற்பகுதியில் வரிச் சலுகையோடு யப்பானிலிருந்து வந்திறங்கிய ப்ரியஸ், அக்வா, அக்ஸியோ, ஃபிட் கார்கள் இப்போது பத்து, பதினைந்து வயதைத் தாண்டிவிட்டன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது. 2025இல் மறுபடி திறந்தபோது, புதிதாக வரும் காரின் விலை நடுத்தரக் குடும்பத்துக்கு எட்டாத உயரத்தில் இருந்தது. அதனால் உள்ள காரையே ஓட்டுகிறார்கள். பற்றரி போனால் மாற்றுகிறார்கள். நமக்கு வேலை கூடியிருக்கிறது. கூடவே முறைப்பாடும் கூடியிருக்கிறது.

முறைப்பாடு பெரும்பாலும் ஒரே மாதிரித்தான். "புதுப் பற்றரி போட்டுச் சில மாதம்கூட ஆகவில்லை, திரும்பவும் சிவப்பு முக்கோணம் எரிகிறது." விசாரித்தால் போட்டது புதுப் பற்றரியே அல்ல. பழைய பெட்டியைத் திறந்து, செத்த மொடியூல் இரண்டைக் கழற்றி, வேறொரு பழைய பெட்டியிலிருந்து இரண்டு எடுத்துச் சொருகியிருப்பார்கள். பற்றுச்சீட்டில் இருப்பதோ "ஹைபிரிட் பற்றரி மாற்றியது" என்ற ஒற்றை வரி. மொடியூல் மாற்றுவது குற்றமில்லை. அதைப் புதுப் பற்றரி என்ற பெயரில் விற்பதுதான் குற்றம். அந்த ஒற்றை வரிதான் நம் தொழிலின் பெயரைக் கெடுக்கிறது.

2003இல் வந்த இரண்டாம் தலைமுறை ப்ரியஸிலும் 2009இல் வந்த மூன்றாம் தலைமுறையிலும் 28 நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் மொடியூல்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 1.2 வோல்ட் செல்கள் ஆறு. ஆக மொடியூலுக்கு 7.2 வோல்ட், மொத்தம் 201.6 வோல்ட். அக்வாவில் 20 மொடியூல், 144 வோல்ட். கொள்ளளவு 6.5 அம்பியர் மணி. கார் அதை முழுதாகப் பயன்படுத்துவதில்லை. ஏறத்தாழ 40 வீதத்துக்கும் 80 வீதத்துக்கும் இடையிலேயே ஏற்றி இறக்குகிறது. இந்த வகைப் பற்றரிகள் பத்து ஆண்டுக்கு மேல் தாக்குப்பிடிப்பதன் இரகசியம் இதுதான். அவற்றின் தேய்வு வெளியே தெரியாமல் ஒளிந்திருப்பதற்கும் இதுவே காரணம். பாதிக் கொள்ளளவு போன பின்னும் கார் ஓடும். எஞ்சின் அடிக்கடி எழும்பும், பெற்றோல் கொஞ்சம் கூடச் செலவாகும், அவ்வளவுதான். ஏ9 வீதியில் கிளிநொச்சிக்கும் வவுனியாவுக்கும் ஓடும்வரை உரிமையாளருக்கு ஒன்றும் தோன்றாது. கடுகண்ணாவை ஏற்றத்தில் சார்ஜ் கோடுகள் மளமளவென்று இரண்டுக்கு இறங்கி, மறுபக்க இறக்கத்தில் சட்டென்று நிரம்பும்போதுதான் விஷயம் வெளிவரும்.

மொடியூல்கள் எல்லாம் தொடராக இணைக்கப்பட்டவை. ஒரே மின்னோட்டம் எல்லாவற்றுக்குள்ளும் போகிறது. ஆகவே பலவீனமானது முதலில் காலியாகும், முதலில் நிரம்பும். காலியான செல்லுக்குள் மற்றவை தொடர்ந்து மின்னோட்டத்தைத் தள்ளினால் அதன் முனைகள் தலைகீழாகும், வாயு உண்டாகும், மொடியூல் வீங்கும். ப்ரியஸின் பற்றரி ஈசியூ மொடியூல்களை இரண்டிரண்டாக, 14 புளொக்காகக் கண்காணிக்கிறது. புளொக்குகளுக்கிடையே வித்தியாசம் எல்லை மீறினால் பி0ஏ80 பதிவாகும். அந்தக் குறியீட்டைப் பார்த்ததும் பெட்டியைக் கழற்றும் பழக்கத்தைக் கைவிட வேண்டும். ஸ்கானரில் 14 புளொக்கையும் நேரடித் தரவாக வைத்துக்கொண்டு காரை ஓட்டிப் பாருங்கள். கார் நிற்கும்போது எல்லாம் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டும். அழுத்திப் போகையில் ஒரு புளொக் மட்டும் மற்றவற்றைவிட ஒரு வோல்டுக்கு மேல் சரியும். பிரேக் பிடிக்கையில் அதே புளொக் மற்றவற்றை முந்திக்கொண்டு மேலே பாயும். இரண்டும் சேர்ந்து வந்தால் அந்த புளொக் போய்விட்டது. ஓட்டினாலும் நிறுத்தினாலும் ஒரே அளவாக 1.2 வோல்ட் குறைவாகவே நின்றால், உள்ளே ஒரு செல் குறுஞ்சுற்றாகிவிட்டது என்று கொள்ளலாம். எண்கள் அங்குமிங்கும் தாவினால் பஸ்பாரிலோ உணர்கம்பியிலோ பச்சை பூத்திருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

அதற்கும் முன்னால் பார்க்க வேண்டியவை இரண்டு. ஒன்று, 12 வோல்ட் பற்றரி. அது தளர்ந்தால் டாஷ்போர்ட் முழுக்க விளக்கு எரியும், கார் ரெடி ஆகாது. உரிமையாளர் ஹைபிரிட் பற்றரி போய்விட்டது என்று பதறிக்கொண்டு வருவார். மீற்றர் வைத்துப் பார்க்காமல் அந்தப் பதற்றத்துக்கு விலை சொல்லக் கூடாது.

மற்றது, குளிரூட்டும் விசிறி. இந்தப் பற்றரி பயணிகள் அறையின் காற்றையே இழுத்துக் குளிர்கிறது. ப்ரியஸில் பின் ஆசனத்தின் பக்கத்தில் ஒரு கிரில். அக்வாவில் ஆசனத்துக்குக் கீழே. விசிறியைக் கழற்றிப் பாருங்கள். சக்கரத்தின் ஒவ்வொரு தகட்டுக்கும் இடையில் தூசியும் துணிப்பஞ்சும் முடியும் சேர்ந்து சாம்பல் நிறக் கம்பளமாகப் படிந்திருக்கும். தகடு வளைவு தெரியாத அளவுக்கு அடைந்த விசிறி சத்தமாகச் சுற்றும், காற்றுத் தள்ளாது. யாழ்ப்பாணத்துச் செம்மண் தூசி வேறு. கிரில்லின் மேல் பிள்ளையின் புத்தகப்பையோ கடைச் சாமானோ இருந்தால் பெட்டி மூச்சு முட்டும். வெப்பம் இந்தப் பற்றரியின் முதல் எதிரி. நடுவிலுள்ள மொடியூல்கள் ஓரத்தில் உள்ளவற்றைவிடச் சூடாவதால் அவையே முதலில் போகின்றன. விசிறியைச் சுத்தம் செய்யாமல் புதுப் பெட்டி பூட்டினால் அதன் ஆயுளையும் நாமே குறைத்துக் கொடுக்கிறோம்.

இனி மொடியூல் மாற்றும் வேலை. அதை ஒழுங்காகச் செய்யலாம். அதற்கு நாட்கள் வேண்டும். ஓய்விலுள்ள வோல்டை அளந்து நல்லது கெட்டது பிரிக்கும் வழக்கம் பல இடங்களில் உண்டு. நிக்கல் மெற்றல் ஹைட்ரைட்டில் அது ஏமாற்றும். கொள்ளளவு பாதியான மொடியூலும் 7.8 காட்டும், நல்லதும் 7.8 காட்டும். குறைந்த பட்சம் 55 வாட் ஹெட்லைட் பல்பு ஒன்றை இரண்டு நிமிடம் சுமையாகக் கொடுத்துச் சரிவை அளக்க வேண்டும். முறையான வழி, முழுதாக ஏற்றி, தெரிந்த மின்னோட்டத்தில் 6 வோல்ட் வரை இறக்கி, வெளிவந்த மில்லி அம்பியர் மணியைக் குறித்துவைப்பது. புதியது 6500 தரும். 28ஐயும் இப்படி மூன்று சுற்று ஏற்றி இறக்கி, கொள்ளளவு நெருங்கியவற்றைச் சேர்த்தால்தான் அது ரீகண்டிஷன். ஏற்றும்போது மொடியூல்களை இருபுறமும் தகடு வைத்து இறுக்கியிருக்க வேண்டும். தனியே விட்டு ஏற்றினால் வீங்கிவிடும். பூட்டும்போது பஸ்பார் நட்டுக்கு 5.4 நியூட்டன் மீற்றர் போதும். கைப்பலத்தில் முறுக்கினால் முனை பிளாஸ்ரிக்குக்குள் சுழன்று, அங்கிருந்து பொற்றாசியம் ஹைட்ரொக்சைட் கசியத் தொடங்கும்.

இத்தனையும் செய்தாலும் பழையது பழையதுதான். ஒன்று போன பெட்டியில் மற்ற 27க்கும் அதே வயது. இன்று ஒன்றை மாற்றினால் சில மாதத்தில் இன்னொன்று கைவிடும். காரை இன்னும் ஒரு வருடம் ஓட்டி விற்க நினைப்பவருக்கு இந்த வேலை போதும். ஐந்து ஆண்டு வைத்திருக்க நினைப்பவருக்குப் புதுப் பெட்டிதான் கடைசிக் கணக்கில் மலிவு. எது தேவை என்று தீர்மானிக்க வேண்டியவர் உரிமையாளர். அதற்கு வேண்டிய உண்மையைச் சொல்வது நம் கடமை.

இலித்தியம் அயன் கார்களுக்கு இந்தக் கைமுறை எதுவும் பொருந்தாது. 2013க்குப் பின் வந்த ஹொண்டா ஃபிட், வெசல் ஹைபிரிட்டுகளில் உள்ளது அந்த வகை. அளவுக்கு மேல் ஏற்றினால் நிக்கல் மெற்றல் ஹைட்ரைட் சூடாகும், வீங்கும்; இலித்தியமோ தீப்பற்றும். உரிய கருவியும் பயிற்சியும் இல்லாதவர்கள் அந்தப் பெட்டியைத் திறக்காமல் இருப்பதே நல்லது. பழைய ப்ரியஸுக்கு இலித்தியம் மொடியூல் பூட்டிக் கொடுப்பவர்களுக்கும் ஒரு சொல்: அந்த ஈசியூ நிக்கல் மெற்றல் ஹைட்ரைட்டின் வோல்டைக் கணக்கிட்டு எழுதப்பட்டது. அதற்கு ஏற்ற கட்டுப்பாடு உள்ளே இருக்கிறது என்று உறுதிப்படுத்தாமல் பூட்டாதீர்கள்.

பாதுகாப்பில் நம்மிடையே ஒரு மெத்தனம் இருக்கிறது. "இருநூறு வோல்ட்தானே" என்கிறோம். இது நேர்மின்னோட்டம், ஆளைக் கொல்லப் போதும். காரை அணைத்து, 12 வோல்ட் பற்றரியின் மறைமுனையைக் கழற்றி, 1000 வோல்ட் தாங்கும் கையுறை போட்டு, செம்மஞ்சள் சேர்விஸ் பிளக்கை இழுத்து உங்கள் சட்டைப்பைக்குள் வையுங்கள். இன்வேர்ட்டர் கொண்டென்சர் இறங்கப் பத்து நிமிடம் விட்டு, மீற்றரில் பூச்சியம் பார்த்த பிறகே கேபிளில் கை வையுங்கள். பிளக்கைக் கழற்றியதால் பெட்டிக்குள் மின்சாரம் இல்லாமல் போவதில்லை. பஸ்பார் கழற்றும்வரை மொடியூல்களின் வரிசை உயிரோடுதான் இருக்கும். மோதிரம், கடிகாரம், கைச்சங்கிலி கழற்றிவிட்டே குனிய வேண்டும். கையுறையை ஒவ்வொரு முறையும் காற்றடைத்து ஓட்டை பாருங்கள். வேலை பழக வந்த பையன்களைத் தனியாக இந்த வேலையில் விடாதீர்கள்.

கழற்றிய மொடியூல்களுக்கும் கணக்கு வேண்டும். கொள்ளளவு போனவற்றை முதுகில் பெயின்ற் கோடிட்டு ஒதுக்காவிட்டால் அவையே சுற்றிச் சுற்றி வேறொருவரின் காருக்குள் "நல்ல மொடியூல்" ஆகப் போகும். முறைப்பாடுகளில் ஒரு பங்கு இப்படிப் பிறந்ததுதான். பழைய இரும்புக்காரரிடமும் கொடுக்க வேண்டாம். உள்ளே இருப்பது காரக் கரைசல். நிக்கலும் கோபால்ற்றும் உண்டு. மத்திய சுற்றாடல் அதிகாரசபையின் அனுமதி பெற்ற சேகரிப்பாளரிடமே ஒப்படைக்க வேண்டும்.

இதை வாசிக்கும் கராஜ் உரிமையாளர்களிடமும் மெக்கானிக்மாரிடமும் நாம் கேட்பது ஒரு தாள். அதில் நான்கில் ஒன்றுக்குச் சரி போடுங்கள்: தயாரிப்பாளரின் புதுப் பெட்டி; வேறு நிறுவனத்தின் புதுப் பெட்டி; உடைத்த காரிலிருந்து எடுத்த முழுப் பெட்டி; மொடியூல் மாற்றிய பழைய பெட்டி. கடைசி வகையானால் எத்தனை மொடியூல், ஒவ்வொன்றின் அளந்த கொள்ளளவு என்ன என்று எழுதுங்கள். வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த ஸ்கான் தரவை இணையுங்கள். திகதியும் மீற்றரில் உள்ள கிலோமீற்றரும் குறியுங்கள். உத்தரவாதம் எவ்வளவு காலம், எதற்கு இல்லை என்பதையும் எழுதி, இரு தரப்பும் கையெழுத்திடுங்கள். மொடியூல் மாற்றிய பெட்டிக்கு மூன்று மாத உத்தரவாதம்தான் தர முடியும் என்றால் மூன்று மாதம் என்றே எழுதுங்கள். அதைக் கேட்டு வாடிக்கையாளர் அடுத்த கராஜுக்குப் போகலாம். போகட்டும். எழுதிக் கொடுத்த கராஜைத்தான் அவர் அடுத்த முறை தேடி வருவார். எழுதாத கராஜுக்கு அவர் கொண்டுவருவது முறைப்பாடு மட்டுமே.