யார் கணக்கில் இந்தச் சிரிப்பு?

சமையல் சரியில்லை என்று கணவன் முகம் சுளிக்கிறான். வைத்த காய்க்கு ஒரு குறை, வைக்காத காய்க்கு ஒரு குறை. மனைவி பதில் பேசாமல் பரிமாறிக்கொண்டிருக்கிறாள். தொலைக்காட்சி நகைச்சுவை நிகழ்ச்சியில் இந்தக் காட்சி வந்தால், அவன் வாயை மூடுவதற்குள் பின்னணியில் சிரிப்பொலி எழும். கேமரா நடுவர்கள் பக்கம் திரும்பும். அவர்கள் மேசையைத் தட்டிச் சிரிப்பார்கள். 1938-இல் வெளியான ஒரு நாவலும் தொடக்கத்திலேயே இப்படி ஒரு சாப்பாட்டுக் காட்சியைக் காட்டுகிறது. படிக்கிற நமக்குச் சிரிப்பு வருவதில்லை. இத்தனைக்கும் அதை எழுதியவர் நாடே கொண்டாடிய நகைச்சுவை எழுத்தாளர். அவர் வாழ்ந்த ஊர் நான் வசிக்கும் இதே மைசூரு.

ஆர்.கே. நாராயணின் 'தி டார்க் ரூம்' நாவலைத்தான் சொல்கிறேன். 'சுவாமி அண்ட் ஃபிரெண்ட்ஸ்' தெரிந்தவர்களுக்கும், 'கைடு' படம் பார்த்தவர்களுக்கும், சங்கர் நாக் ஆகும்பேயில் எடுத்த 'மால்குடி டேஸ்' தொடரோடு வளர்ந்தவர்களுக்கும்கூட இந்த நாவல் அதிகம் அறிமுகமில்லை. யாதவகிரியில் நாராயண் கட்டிக் குடியிருந்த வீடு 2016 முதல் நினைவில்லமாக இருக்கிறது. ஊரிலிருந்து வரும் உறவினர்களை அங்கே அழைத்துப் போவேன். எல்லோரும் சுவாமியைப் பற்றிப் பேசுவார்கள். 'தி டார்க் ரூம்' நாயகி சாவித்திரியைப் பற்றி நான்தான் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

சாவித்திரியின் கணவர் ரமணி, மால்குடியில் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக் கிளையின் செயலாளர். வீட்டில் மூன்று குழந்தைகள். நவராத்திரி வருகிறது, கொலு வைக்கிறார்கள். மகன் பாபு ஆசை ஆசையாகக் கொலுவுக்கு மின்விளக்கு அலங்காரம் செய்கிறான். அதில் கோளாறாகி வீடே இருண்டுவிடுகிறது. அலுவலகத்திலிருந்து வந்த ரமணி, பண்டிகை நாளென்றும் பாராமல் பையனை அறைகிறார். சாவித்திரியால் தாங்க முடியவில்லை. வீட்டிலிருந்த இருட்டறைக்குள் போய், வெறும் தரையில் படுத்துக்கொள்கிறாள். சாப்பாடு இல்லை, பேச்சு இல்லை. குழந்தைகள் பயந்துபோய் என்ன செய்வதென்று தெரியாமல் நிற்கின்றன.

இதுவரை நடந்ததை எந்த நகைச்சுவைத் தொடரும் எடுத்துக்கொள்ளலாம். கோபக்காரக் கணவன், கோபித்துக்கொண்டு மூலையில் போய்ப் படுக்கும் மனைவி, அவளைக் கெஞ்சும் பிள்ளைகள் என்று அரைமணி நேரத்துக்கு அதில் சரக்கு இருக்கிறது. நாராயண் செய்தது வேறு. அந்த இருட்டறைக்குள் நம்மையும் கூட்டிக்கொண்டு போனார். சாவித்திரி மனத்தில் என்ன ஓடுகிறது என்று நம்மைக் கேட்க வைத்தார். அதன்பின் ரமணியின் அதட்டல் நமக்கு வேடிக்கையாக இருக்க வழியில்லை.

பிறகு ரமணியின் அலுவலகத்துக்குச் சாந்தாபாய் என்ற பெண் வேலைக்கு வருகிறாள். அவள் தங்குவதற்காக, சாவித்திரி ஆசையாக வைத்திருந்த பெஞ்சு உட்பட வீட்டுச் சாமான்கள் அலுவலகத்துக்குப் போகின்றன. இருவருக்கும் உள்ள உறவு தெரிந்ததும் சாவித்திரி வீட்டை விட்டு வெளியேறி ஆற்றில் இறங்குகிறாள். மாரி என்ற ஏழைத் தொழிலாளி காப்பாற்றுகிறான். அவன் மனைவி பொன்னி அவளைத் தங்கள் கிராமத்துக்கு அழைத்துப் போகிறாள். அங்கே ஒரு கோயிலில் வேலை செய்து, தன் உழைப்பில் கிடைத்த சோற்றைச் சாப்பிட்டுப் பார்க்கிறாள் சாவித்திரி. பிள்ளைகளின் நினைவு விடவில்லை. அதே வீட்டுக்குத் திரும்புகிறாள். ரமணி திருந்தவில்லை. தவறு செய்தவன் கடைசிக் காட்சியில் அழுது திருந்தும் சௌகரியத்தை நாராயண் நமக்குத் தரவில்லை. பெண்ணின் நிலை அந்த நாட்களில் தன் மனத்தை எவ்வளவு ஆக்கிரமித்திருந்தது என்பதை 1974-இல் வந்த தன் 'மை டேஸ்' நூலில் அவரே சொல்லியிருக்கிறார்.

இந்த நாவலில் சிரிப்புக்கு இடமே இல்லை என்று நினைக்க வேண்டாம். பொன்னி கணவனை விரட்டி விரட்டி வேலை வாங்குவாள். புருஷனை அடக்கி வைத்தால்தான் குடும்பம் உருப்படும் என்று சாவித்திரிக்குப் பாடம் எடுப்பாள். அங்கே சிரிக்கிறோம். அதே பொன்னிதான் முன்பின் தெரியாத ஒருத்திக்கு நிழல் தருகிறாள். அவள் முழு மனுஷியாக இருப்பதால் அவளை ஒரு கேலிச்சித்திரமாக நினைத்துத் தள்ளிவிட முடியாது.

இனி நம் தொலைக்காட்சிகளுக்கு வருவோம். மைசூருவில் வாழும் தமிழ்க் குடும்பங்களுக்கு இரண்டு மொழிச் சிரிப்பும் வீட்டுக்குள் வருகிறது. கன்னடத்தில் ஈ டிவியில் சிஹி கஹி சந்துரு இயக்கிய 'பாப்பா பாண்டு' வீட்டுக்கு வீடு பிரபலமாக இருந்தது; மனைவியிடம் அடிவாங்கும் கணவன்தான் அதன் நாயகன். தமிழில் 2005-இல் விஜய் டிவியில் தொடங்கிய 'கலக்கப்போவது யாரு' எத்தனையோ திறமைசாலிகளை மேடை ஏற்றியது. சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகள் பலருக்கு வாழ்க்கை கொடுத்தது. அந்த உழைப்பை நான் மதிக்கிறேன். ஆனாலும் இருபது வருடமாகச் சேனல் மாற்றி மாற்றிப் பார்த்தாலும் அதே அச்சு மாறவில்லை. புடவை கட்டிய ஆண் வந்து நின்றால் போதும், அதுவே நகைச்சுவை. மனைவி குண்டு, மனைவி கறுப்பு, மனைவிக்கு மூளை கிடையாது, மனைவி ஊருக்குப் போனால் கணவனுக்குத் தீபாவளி. வேண்டாம் என்று சொல்லும் பெண்ணைத் துரத்துகிறவன் பாவப்பட்ட காதலன். குடித்துவிட்டு வருகிறவன் குழந்தை மனசுக்காரன்.

இவற்றோடு பூரிக்கட்டை மனைவியும் உண்டு. பெண்ணுக்கும்தானே அடிக்கும் உரிமை கொடுத்திருக்கிறோம், இதில் என்ன பாரபட்சம் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும். 2019-21-இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஏழு காரணங்களைச் சொல்லி, இவற்றில் எதற்காகவாவது கணவன் மனைவியை அடிப்பது நியாயமா என்று கேட்டார்கள். சொல்லாமல் வெளியே போவது, எதிர்த்துப் பேசுவது, மாமனார் மாமியாரை மதிக்காதது ஆகியவற்றோடு, சரியாகச் சமைக்காததும் அந்த ஏழில் ஒன்று. கர்நாடகத்தில் ஆண்களில் 82 சதவீதம் பேர் ஏதாவது ஒரு காரணத்துக்காக அடிக்கலாம் என்றார்கள். பெண்களில் 77 சதவீதம் பேரும் அதையே சொன்னார்கள். ரமணியின் சாப்பாட்டு மேசை எண்பது வருடமாகியும் அகற்றப்படவில்லை. வீடுகளில் அடி விழுவது ஒரு பக்கத்தில். திரையில் அடி விழுவது மறு பக்கத்தில். பூரிக்கட்டை ஜோக் அந்த உண்மையைத் தலைகீழாக்கிக் காட்டுகிறது. அடிவாங்கும் பெண்ணின் வலியையும் சேர்த்தே விளையாட்டாக்கிவிடுகிறது.

கணக்கெடுப்பில் வந்த எண்களுக்குத் தொலைக்காட்சிதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. தொலைக்காட்சி வருவதற்கு முன்பே அடி இருந்தது. ஆனால் 'சும்மா சிரிக்கத்தானே' என்ற பதிலையும் என்னால் ஏற்க முடியவில்லை. அமெரிக்காவில் 1971-இல் 'ஆல் இன் தி ஃபேமிலி' என்ற நகைச்சுவைத் தொடர் தொடங்கியது. ஆர்ச்சி பங்கர் என்ற முரட்டுக் குடும்பத் தலைவர் கறுப்பினத்தவரையும் பெண்களையும் வாய்க்கு வந்தபடி பேசுவார். அவருடைய துவேஷத்தைப் பார்த்து ஜனங்கள் வெட்கப்பட வேண்டும் என்பதே தயாரிப்பாளர் நார்மன் லியரின் நோக்கம். வித்மர், ரோக்கீச் என்ற இரண்டு ஆய்வாளர்கள் பார்வையாளர்களிடம் விசாரித்து 1974-இல் முடிவை வெளியிட்டார்கள். ஏற்கெனவே துவேஷம் கொண்டவர்கள் ஆர்ச்சியைத் தங்கள் ஆளாகவே பார்த்தார்கள். அவர் பேசுவதில் நியாயம் இருப்பதாகவே நினைத்தார்கள். நல்ல எண்ணத்தோடு எழுதிய கேலிக்கே இந்த கதி. எண்ணமே இல்லாமல் எழுதும் கேலி எங்கே போய்ச் சேரும்?

பின்னாளில் தாமஸ் ஃபோர்டு என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் செய்த சோதனைகள் இன்னும் தெளிவாகப் பேசுகின்றன. பெண்கள்மேல் ஏற்கெனவே பகை கொண்ட ஆண்கள், பெண்களை மட்டம் தட்டும் ஜோக்குகளைக் கேட்ட பிறகு, பெண்கள் அமைப்புக்கு உதவ மனம் குறைந்தவர்களாக நடந்துகொண்டார்கள். ஜோக் அவர்களுக்குப் புதிதாக வெறுப்பைக் கற்றுத்தரவில்லை. உள்ளே இருந்ததை வெளியே விட அனுமதி கொடுத்தது.

அந்த அனுமதி எப்படி வேலை செய்கிறது என்பதை நான் நேரிலேயே பார்த்தேன். குவெம்பு நகரில் தெரிந்த ஒரு தமிழ்க் குடும்பம், தசரா சமயம். படிகளில் பொம்மைகள், நடுவில் மைசூருக்காரர்கள் பட்டத கொம்பெ என்று சொல்லும் ராஜா ராணி மரப்பாச்சி ஜோடி. ஹாலில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. புடவையும் தலையணை வயிறுமாக ஒருவர் ஆடி அசைந்து வந்தார். "நம்ம வீட்டு அம்மாதான்" என்றார் வீட்டுக்காரர், வந்திருந்த எல்லோர் காதிலும் விழும்படி. ஹாலே சிரித்தது. அவர் மனைவியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே சுண்டல் கிண்ணங்களை நீட்டினார். அந்த மனிதர் கெட்டவர் கிடையாது. டிவி ஓடியிராவிட்டால் விருந்தாளிகள் நடுவில் அப்படிச் சொல்லத் துணிந்திருக்க மாட்டார். பத்து வயதுப் பையன் அப்பா முகத்தையும் அம்மா முகத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கடைசியில் அப்பாவோடு சேர்ந்து சிரித்தான். அவன் அன்றைக்கு ஒரு பாடம் படித்துவிட்டான்.

அப்படியானால் கெட்ட நடத்தையைக் காட்டவே கூடாதா? காட்டத்தான் வேண்டும். நல்லவர்களை மட்டும் வைத்துக்கொண்டு நாடகமும் எழுத முடியாது, நாவலும் எழுத முடியாது. எப்படிக் காட்டுவது என்பதற்கு இந்த ஊரே வழி சொல்லியிருக்கிறது. மைசூர் சமஸ்தானத்தில் நீதிபதியாக இருந்த தமிழர் பரமசிவ ஐயரின் மகன் டி.பி. கைலாசம். கன்னட நகைச்சுவை நாடகத்தின் தந்தை என்று கொண்டாடப்படுகிறவர். அவருடைய 'டொள்ளு கட்டி' நாடகத்தில் இரண்டு சகோதரர்கள். ஒருவன் மார்க் வாங்கும் சுயநலக்காரன், அப்பாவின் செல்லம். இன்னொருவன் படிப்பில் மட்டு, மனத்தில் உசத்தி. வீடு தீப்பிடிக்கும்போது யார் யாரைக் காப்பாற்றுகிறார்கள் என்பதில் இருவரின் லட்சணமும் தெரிந்துவிடுகிறது. நாடகம் முழுக்கச் சிரிப்புதான். ஆனால் நாம் சிரிப்பது செல்லப்பிள்ளையின் டம்பத்தைப் பார்த்து, அதை வளர்த்த அப்பாவைப் பார்த்து. வீட்டுக்கு உழைப்பவனைப் பார்த்து ஒரு சிரிப்பும் கிடையாது.

கன்னட நாவலாசிரியர் திரிவேணியும் மைசூருக்காரர்தான். 35 வயது நிறைவதற்கு முன்பே 1963-இல் காலமானார். அவருடைய 'சரபஞ்சர' நாவலைப் புட்டண்ண கணகால் 1971-இல் படமாக்கினார், கல்பனா நடித்தார். மனநோய் குணமாகி வீடு திரும்பும் காவேரியை ஊர் பைத்தியமாகவே பார்க்கிறது, கணவன் இன்னொருத்தியிடம் போய்விடுகிறான். பைத்தியக்காரி வேடத்தை வைத்துச் சிரிப்பு மூட்டிய படங்கள் எத்தனையோ வந்த காலம் அது. திரிவேணி அந்தப் பெண்ணின் கண் வழியாக ஊரைக் காட்டினார். ஊரின் நடத்தைதான் கோணலாகத் தெரிந்தது.

தொலைக்காட்சியாலும் இது முடியும். பாலசந்தரின் மின்பிம்பங்கள் தயாரிப்பில் நாகா இயக்கிய 'ரமணி வெர்சஸ் ரமணி'யை நினைத்துப் பாருங்கள். கணவன் பெயரும் ரமணி, மனைவி பெயரும் ரமணி. இருவரும் அசடு வழிவார்கள், இருவரும் வீம்பு பிடிப்பார்கள், சொல்லுக்குச் சொல் பதில் கொடுப்பார்கள். ஒருவரை மிதித்து மற்றவர் கைத்தட்டல் வாங்கும் வேலை அங்கே குறைவு. வீடே உட்கார்ந்து பார்த்தது, விளம்பரமும் வந்தது. பெண்ணை மட்டம் தட்டாவிட்டால் டிஆர்பி வராது என்பது சோம்பேறித்தனத்துக்குச் சொல்லும் சாக்கு.

சேனல்களில் எழுதுகிறவர்களிடமும் இயக்குகிறவர்களிடமும் ஒன்று கேட்கிறேன். ஒரு காட்சியை எழுதி முடித்ததும், அதில் அவமானப்பட்டவர் பக்கம் ஒருமுறை கேமராவைத் திருப்பிப் பாருங்கள். அவருக்கும் ஒரு வசனம், ஒரு பதில், ஒரு மனம் கொடுங்கள். அப்போதும் சிரிப்பு மிஞ்சினால் அது நல்ல நகைச்சுவை, தாராளமாக ஒளிபரப்புங்கள். மிஞ்சவில்லை என்றால் கிழித்துப் போடுங்கள்.

வீட்டில் இருக்கும் நமக்கும் வேலை இருக்கிறது. தொலைக்காட்சியை அணைக்கச் சொல்லவில்லை. பிள்ளைகளோடு உட்கார்ந்து பாருங்கள். அடியும் அவமானமும் ஜோக்காக வரும்போது, இது தப்பு என்று அவர்கள் காதில் விழும்படி சொல்லுங்கள். அப்பாக்கள் சொன்னால் இன்னும் நல்லது. கர்நாடகத்தில் அந்த 82 சதவீதம் குறைய வேண்டுமென்றால், அது நம் வீட்டு ஹாலிலிருந்துதான் குறையத் தொடங்கும்.