எள்ளு இல்ல மக்கா, எல்லு!

"ராம் தானே சார்? ஸ்லாட்ல உக்காந்துச்சுன்னா ஓடும்." லேப்டாப்புக்கு மெமரி கூட்டலாம்னு கடைக்குப் போன பலரும் கேட்டிருக்கும் வசனம். சுத்தப் பேத்தல்.

டிடிஆர்3, டிடிஆர்3எல் ரெண்டுக்கும் லேப்டாப்ல அதே 204 பின், அதே இடத்துல வெட்டு. கச்சிதமா உக்காரும். ஆனா முன்னதுக்கு 1.5 வோல்ட், பின்னதுக்கு 1.35. இன்டெலின் நாலாம் தலைமுறை (2013) லேப்டாப்புகளில் பல 1.35-ஐ மட்டும்தான் ஏத்துக்கும். சாதா டிடிஆர்3 போட்டால் கறுப்புத் திரைதான். உடனே அண்ணாத்தே தீர்ப்பு சொல்லிடுவார்: "போர்டு போச்சு சார், புதுசு வாங்கிடுங்க."

போனது போர்டு இல்லைய்யா! ஸ்டிக்கர்ல 'பிசி3எல்' என்று இருக்க வேண்டிய இடத்தில் அந்த 'எல்' இல்லை. அவ்வளவுதான். ஒரு எழுத்துக்காக, நல்லா இருக்கிற லேப்டாப் குப்பைக்குப் போகுது. அதை நம்பிப் படிக்கிற பிள்ளையோட அப்பா மறுபடி கடன் வாங்கறார்.

"இதெல்லாம் டெக்னிக்கல், நமக்கெதுக்கு?"ன்னு கேட்கும் புண்ணியவான்களே, டிடிஆர்4-க்கு 260 பின், டிடிஆர்5-க்கு 262, வெட்டும் வேற. மாத்திப் போட்டால் உள்ளேயே போகாது. வேகம் மட்டும் வேறயா? பெரும்பாலும் குறைஞ்ச வேகத்துக்கு இறங்கி ரெண்டும் ஓடிடும். உக்காந்துட்டு ஏமாத்துறது இந்த எல்லு சமாச்சாரம்தான்.

பழைய ராமைக் கழட்டிக் கையோட கொண்டு போங்க. ஸ்டிக்கரை ஒப்பிடுங்க. எத்தனை ஜிபி வரை தாங்கும்னு கையேட்டில் பாருங்க. கண் முன்னாடியே பூட் பண்ணிக் காட்டச் சொல்லுங்க.

கத்தரிக்காயையே புரட்டிப் பார்த்துத்தானே வாங்கறோம்?