யாருக்கு விசுவாசம்? – போஸ் ஒலிபெருக்கியும் அதன் பெயரும்

இசைப்பிரியர் ஒருவர் வீட்டுக்குச் சென்று அவர் வைத்திருக்கும் ஒலிக்கருவி எப்படி என்று கேட்டால், "போஸ் ஆயிற்றே!" என்ற விடை கிடைப்பதுண்டு. ஒலி எப்படி இருக்கிறது என்பதற்கு அது விடை அன்று. ஆயினும் கேட்டவர் தலையசைத்து அடங்கிவிடுகிறார். சான்று இருக்க வேண்டிய இடத்தில் பெயர் வந்து அமர்ந்துகொள்கிறது. எழுத்தாளர் பெயரைச் சொன்னதும் கதையின் தரம் பற்றிய பேச்சு முடிந்துவிடும் கூட்டங்களை அறிந்த நமக்கு இது புதிதல்ல. போஸ் என்ற நிறுவனத்துக்கு உலகெங்கும் வாய்த்திருக்கும் "ஹைஃபை" என்ற புகழ் அதற்கு உரியதுதானா என்பதே இங்கு நம் கேள்வி.

சொல்லிலிருந்தே தொடங்கலாம். ஹை ஃபிடிலிட்டி என்பதன் சுருக்கம் ஹைஃபை. ஃபிடிலிட்டி என்றால் விசுவாசம். ஒலிபெருக்கி யாருக்கு விசுவாசமாக இருக்க வேண்டும்? கேட்பவரின் இன்பத்துக்கா, பதிவில் உள்ள ஒலிக்கா? இந்தச் சொல்லை உண்டாக்கியவர்கள் இரண்டாவதையே கருதினார்கள். தமிழ் படித்தவர்களுக்கு இதை எளிதாக விளக்கலாம். 1894இல் உ.வே.சாமிநாதையர் புறநானூற்றைப் பதிப்பித்தபோது, ஏடு சிதைந்த இடங்களைத் தம் புலமையால் நிரப்பி அழகுபடுத்திவிடவில்லை. சிதைவைச் சிதைவாகவே காட்டினார். நல்ல ஒலிபெருக்கி அத்தகைய பதிப்பாசிரியர். கேட்பதற்கு இனிமை சேர்க்கிறேன் என்று தன்னிடமிருந்து எதையேனும் கலக்கும் ஒலிபெருக்கி எவ்வளவு இனிமையானதாயினும் இடைச்செருகல் செய்வதே ஆகும்.

போஸின் வரலாறு மதிப்புக்குரியது. நிறுவனர் அமர் கோபால் போஸ் 1929இல் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் பிறந்தவர். தந்தை நோனி கோபால் போஸ் விடுதலை இயக்கத்தில் ஈடுபட்டு, ஆங்கிலேய அரசின் பிடியிலிருந்து தப்பி அமெரிக்கா சென்ற வங்காளி. மகன் எம்.ஐ.டி.யில் பயின்று 1956இல் முனைவர் பட்டம் பெற்றார். அந்த ஆண்டில், அட்டவணையில் கண்ட அளவுகளை நம்பி உயர்ந்ததொரு ஒலிக்கருவியை வாங்கினார். அது தந்த ஒலி அவரை ஏமாற்றியது. தாளில் சிறந்து நிற்கும் கருவி காதில் ஏன் சிறக்கவில்லை என்ற கேள்வியே அவரை ஒலியியலுக்கு இழுத்து, 1964இல் நிறுவனம் தொடங்கவும் காரணமாயிற்று.

அவர் கண்ட விடை இது: இசையரங்கில் நம் காதுக்கு வரும் ஒலியில் நேராக வருவது சிறு பகுதியே, பெரும்பகுதி சுவரிலும் கூரையிலும் எதிரொலித்து வருவது. ஆகவே வீட்டு ஒலிபெருக்கியும் அவ்வாறே ஒலிக்க வேண்டும். 1968இல் வெளிவந்த 901 என்ற மாதிரி இக்கொள்கையின் உருவம். அதன் பெட்டியில் ஒரே வகைச் சிறு ஒலிப்பான்கள் ஒன்பது. ஒன்று கேட்பவரை நோக்கியும் எட்டு பின்சுவரை நோக்கியும் இருக்கும். மந்தத்துக்கும் உச்சத்துக்கும் தனித்தனி ஒலிப்பான்கள் கிடையா. அந்தக் குறையைச் சமன்செய்ய ஒரு மின்னணுப் பெட்டி உடன் வரும்.

இந்த 901 அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்ற கதை சொல்லாராய்ச்சியில் ஈடுபாடு உள்ளவர்களுக்குச் சுவையானது. 1970இல் 'கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ்' இதழ் வெளியிட்ட மதிப்புரை, இதில் கேட்கும் வாத்தியங்கள் அளவில் பெருத்து, அறையில் அங்குமிங்கும் அலைவதாகத் தோன்றுகின்றன என்ற பொருளில் எழுதியது. போஸ் வழக்குத் தொடுத்தது. ஒலி அலைந்தது அறையெங்குமா, அல்லது இரு பெட்டிகளுக்கும் இடைப்பட்ட சுவரின் நெடுகிலுமா என்பதே வழக்கின் மையமாயிற்று! விசாரணை நீதிமன்றம் போஸுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டில் அது மாறியது. 1984இல் உச்ச நீதிமன்றமும் இதழின் பக்கமே நின்றது. பொய்யென அறிந்தோ, உண்மையைப் பற்றிய கவலையே இன்றியோ எழுதியதாக நிறுவப்படவில்லை என்பதே அதன் அடிப்படை. ஒலிபெருக்கி நல்லதா கெட்டதா என்று அந்த நீதிமன்றம் சொல்லவில்லை. அது நீதிமன்றத்தின் வேலையும் அன்று, நம் வேலை.

போஸின் கொள்கையில் ஓர் இடறல் உண்டு. அரங்கில் பதிவு செய்யப்பட்ட இசையில் அந்த அரங்கின் எதிரொலியும் முன்பே பதிவாகியிருக்கிறது. அதை மீண்டும் நம் வீட்டுச் சுவரில் மோதவிட்டால், அரங்கின் எதிரொலிமேல் வீட்டின் எதிரொலி ஏறிக்கொள்கிறது. ஐம்பது அறுபது பேர் சேர்ந்து வாசிக்கும் மேற்கத்திய வாத்தியக் குழுவுக்கு அந்த விரிவு ஒரு பிரம்மாண்டத்தைத் தரக்கூடும். நம் இசையோ ஒரு குரல், ஒரு வயலின், ஒரு மிருதங்கம், பின்னால் ஒரு தம்பூரா என்று அமைந்த சிறு கூட்டத்தின் இசை. ஒரு குரல் ஓரிடத்தில் அமர்ந்து பாட வேண்டும். சுவர் முழுவதும் பரவிப் பாடக் கூடாது.

நம் வாத்தியங்களே இதற்கு நல்ல சோதனைக் கருவிகள். மிருதங்கத்தின் வலந்தலையில் இடும் கரணை, சாதாரணத் தோற்கருவியில் இல்லாத சுருதி ஒழுங்கை அதற்குத் தருகிறது என்பதைச் சர் சி.வி.ராமன் ஆராய்ந்து விளக்கினார். அந்த ஒழுங்கு உச்ச ஒலிகள் தெளிவாகக் கேட்டால்தான் விளங்கும். தொப்பியின் கும்காரமோ மந்தத்தில் எழுந்து நெகிழ்ந்து அடங்குவது. 1987இல் போஸ் அறிமுகப்படுத்திய அக்கூஸ்டிமாஸ் வகை அமைப்பில், உள்ளங்கையில் அடங்கும் சிறு கனசதுரப் பெட்டிகள் கண்ணெதிரே இருக்கும். மந்த ஒலியைத் தரும் பெரிய பெட்டி மறைவாக எங்கேனும் இருக்கும். அறைக்கு அழகு, ஐயமில்லை. ஆனால் அவ்வளவு சிறிய ஒலிப்பானால் கீழே நெடுந்தூரம் இறங்க இயலாது. ஆகவே மறைவிலுள்ள பெட்டி தன் எல்லைக்கு மேலேயும் ஏறிவந்து உதவ வேண்டியதாகிறது. கும்காரம் "தும்" என்று தடித்து, வலந்தலை ஓரிடத்திலும் தொப்பி வேறோரிடத்திலும் ஒலித்தால், ஒரே வாத்தியம் இரண்டாகப் பிளந்துவிடுகிறது. இந்தத் தடிப்பையே "பேஸ் நன்றாக இருக்கிறது" என்று பாராட்ட நாம் பழகிக்கொண்டோம் என்பதுதான் வருத்தத்துக்குரியது.

கருவியின் நம்பகத்தை எவ்வாறு நிறுவுவது என்பதற்கு நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. ஜவ்வாது மலையில் எங்கள் காவலூரில் இருக்கும் வைணு பாப்பு வானாய்வகம் ஒரு சான்று. 1986இல் செயலுக்கு வந்த அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கி, விண்மீன்களை அழகாகக் காட்டுகிறது என்பதற்காக மதிக்கப்படுவதில்லை. அத்தகைய கருவியில் பணிபுரிவோர், ஒளி நன்கறியப்பட்ட விண்மீன்களை முதலில் நோக்கி, கருவி எவ்வளவு பிறழ்கிறது என்று கணக்கிடுகிறார்கள். கருவி தன்னிடமிருந்து கலப்பதைக் கழித்த பிறகே, எஞ்சியதை வானத்தின் செய்தி என்கிறார்கள். தன் பிழையை அளந்து சொல்லும் கருவிக்கே அங்கு மதிப்பு. 1977இல் யுரேனஸின் வளையங்கள் கண்டறியப்பட்டபோது காவலூரின் நோக்கீடும் அதற்குத் துணைநின்றது. பெயரின் வலிமையால் நடந்ததன்று அது; அளவுகளின் வலிமையால்.

போஸோ நெடுங்காலமாகத் தன் வீட்டு ஒலிபெருக்கிகளுக்கு அத்தகைய அளவுகளை வெளியிடுவதைத் தவிர்த்தே வந்திருக்கிறது. அளவு காதுக்கு ஈடாகாது என்பது நிறுவனர் தம் அனுபவத்தில் கண்ட முடிவு. அன்றைய அளவுகளைப் பொறுத்தவரை அதில் உண்மை உண்டு. ஆனால் அறிவு அங்கேயே நின்றுவிடவில்லை. ஃபிளாய்ட் டூல் போன்றோர் கனடாவிலும் பின்னர் அமெரிக்காவிலும் பல்லாண்டுகள் செய்த ஆய்வுகள், சரியானவற்றை அளந்தால் காதின் விருப்பத்தைப் பெரிதும் முன்னுரைக்கலாம் என்று காட்டின. டூலும் ஷான் ஆலிவும் 1994இல் வெளியிட்ட சோதனையில், ஒலிபெருக்கியைக் கண்ணால் கண்டபோது ஒரு விதமாகவும் திரைக்குப் பின்னால் வைத்துக் கேட்டபோது வேறு விதமாகவும் கேட்போர் மதிப்பிட்டனர். கண்ணும் பெயரும் காதைத் திருத்திவிடுகின்றன என்பது இதன் பொருள். ஆக, அளவை ஒதுக்கிவிட்டுக் காதை மட்டும் நம்பச் சொல்பவர், பெயரை மறைத்துவிட்டுக் கேட்கவும் சொல்ல வேண்டும்.

கேட்பதற்கு இன்பமாக இருந்தால் போதாதா என்று வாசகர் வினவலாம். போதும், இன்பத்துக்காக வாங்குவோரிடம் நமக்குப் பிணக்கில்லை. இன்றைய சபாக்களில் கச்சேரியே ஒலிபெருக்கி வழியாகத்தான் வருகிறது, பிறகு மூலம் எங்கே இருக்கிறது என்றும் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் மூலத்தை நெருங்குவது கடினமென்பது நெருங்காமலிருக்கக் காரணமாகாது. ஏடு பல கை மாறிப் பிழைபட்டது என்பதற்காகப் பதிப்பாசிரியர் தாமும் பிழை செய்யலாமா?

போஸுக்கு உரிய புகழை மறுப்பதும் நேர்மையாகாது. இரைச்சலை எதிரலையால் அழிக்கும் காதணியை, 1978இல் விமானப் பயணமொன்றில் தோன்றிய எண்ணத்திலிருந்து வளர்த்து, 1989இல் விமானிகளுக்கும் 2000இல் பொதுமக்களுக்கும் கொண்டுவந்தது அந்நிறுவனம். 2011இல் தம் நிறுவனப் பங்குகளின் பெரும்பகுதியை, வாக்குரிமை இன்றி, எம்.ஐ.டி.க்கு அளித்தார் அமர் போஸ், 2013இல் மறைந்தார். அவருடைய நிறுவனம் ஐயத்துக்கு இடமின்றி வென்ற துறை ஒலியைத் தருவதன்று, வேண்டாத ஒலியை நீக்குவது என்பது ஒரு விந்தை. அந்த வெற்றியை எவரும் அளந்து பார்க்கலாம் என்பதையும் கவனிக்க வேண்டும்.

எனவே நம் தீர்ப்பு இது: போஸ் என்ற பெயர் புதுமைக்கும் வசதிக்கும் இன்பத்துக்கும் தகும், மூலத்துக்கு விசுவாசம் என்ற பட்டத்துக்கு அதன் வீட்டு ஒலிபெருக்கிகள் தம்மை நிறுவிக்காட்டவில்லை. வாங்க எண்ணுபவர், தமக்கு நன்கு பழகிய ஒரு கச்சேரிப் பதிவை எடுத்துச் செல்லட்டும். அதே விலையில் வேறு இரண்டு ஒலிபெருக்கிகளையும் ஒரே ஒலியளவில் வைத்து, எது எதுவென்று தெரியாதபடி ஒருவரை மாற்றி மாற்றி ஒலிக்கச் செய்து கேட்கட்டும். சிறுகதைப் போட்டிகளில் பெயரை நீக்கிவிட்டு நடுவரிடம் கதையைத் தரும் வழக்கம் நம் சிற்றிதழ் உலகத்துக்குத் தெரிந்ததுதானே. அந்தச் சோதனையிலும் போஸே வென்றால் மகிழ்ச்சியோடு வாங்கலாம். அப்போது "போஸ் ஆயிற்றே" என்று சொல்ல வேண்டியிராது. தம்பூராவின் நாதம் எப்படிக் கேட்கிறது என்று சொல்ல நம்மிடம் சொற்கள் இருக்கும்.