‘நேரமில்லை’ என்ற விடை பொய்யன்று

புறநோயாளிப் பிரிவில் நாங்கள் நாள்தோறும் கேட்கும் கேள்விகளுள் ஒன்று, “உடற்பயிற்சி செய்கிறீர்களா?” என்பது. நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருப்போர் பெரும்பாலும் தரும் விடை, “நேரம் எங்கே டாக்டர்?” என்பது. பல ஆண்டுகளாக அவ்விடையை நாங்கள் ஒரு சாக்காகவே எடுத்துக்கொண்டோம். “தினமும் காலையில் ஒரு மணி நேரம் நடக்கவும்” என்று சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்தவரை அழைத்தோம். மூன்று மாதம் கழித்து அவரே அதே எடையுடன், சற்றுக் கூடிய சர்க்கரையுடன் திரும்பி வரும்போது குற்றத்தை அவர்மீதே சுமத்தினோம். அவர்கள் சொன்னது உண்மை என்றும், பிழை எங்கள் சீட்டில்தான் இருந்தது என்றும் இப்போது கருதுகிறோம்.

எலும்பு முறிவுப் பிரிவில் மாமியாருக்குத் துணையாக இருந்த ஒரு பெண்மணியை நினைவுகூர்கிறோம். (அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியுள்ளோம்.) அவருக்கு வயது நாற்பத்தேழு. மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பெலும்பு முறிந்து அறுவை செய்துகொண்டவர். மருமகள் விடியற்காலை நான்கரைக்கு எழுந்து சமைத்து, டிபன் பாத்திரங்களை நிரப்பி, எட்டு மணிக்கு வார்டுக்கு வருவார். பத்து மணிக்கு அலுவலகம், மாலை ஆறு மணிக்கு மீண்டும் வார்டு, இரவு ஒன்பதுக்கு மேல் வீடு. ஒருநாள் வார்டில் தலைசுற்றி அமர்ந்தபோது பரிசோதித்ததில், அவருக்கே சர்க்கரை நோய் இருப்பது தெரியவந்தது. அவரிடமும் ‘ஒரு மணி நேர நடை’ என்றே சொன்னோம். அவர் மறுத்து ஒன்றும் சொல்லவில்லை, சிரித்தார். அச்சிரிப்பு எங்களுள் சிலரை நெடுநாள் உறுத்தியது.

அக்கட்டிலில் படுத்திருந்தவரும் அருகில் அமர்ந்திருந்தவரும் ஒரே பாதையின் இரு இடங்களில் இருந்தார்கள். மாமியார் விழுந்ததற்கு ஈரத்தரை மட்டும் காரணமன்று. வழுக்கியபோது உடலைத் தாங்கி நிறுத்தத் தொடையில் வலு இல்லாமையும் காரணம். முப்பது வயதைக் கடந்தபின் பத்தாண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 8 விழுக்காடு வரை தசை குறைகிறது. அறுபதுக்குப் பின் அவ்வேகம் கூடுகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நிற்கும் பருவத்தில் எலும்பின் அடர்த்தியும் சேர்ந்து குறைகிறது. எடைக்கருவி இதைக் காட்டிக்கொடுக்காது. தசை போன இடத்தில் கொழுப்பு வந்து அமர்வதால் எடை அப்படியே நிற்கும், அல்லது ஏறும்.

“உடம்பு தளர்ந்துவிட்டது, பழையபடி இறுக்கமாக இருக்க வேண்டும்” என்று நடுவயதினர் சொன்னால் அதை அழகு பற்றிய ஆசையென்று வீட்டில் கேலி செய்வதுண்டு. நாங்கள் கேலி செய்வதில்லை. உணவுக்குப் பின் இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை இன்சுலினின் ஏவலால் மிகுதியாக உள்வாங்கிக்கொள்வது தசைதான். தசை குறைந்தவருக்கு அச்சர்க்கரை போய்ச்சேரும் இடம் குறைகிறது. ஆகவே அந்த ஆசை மருத்துவ நோக்கிலும் சரியான ஆசையே.

“நாள் முழுதும் வேலைதானே செய்கிறேன், அது பயிற்சியில் சேராதா?” என்ற கேள்வியைப் பெண்கள் சற்றுக் கோபத்துடனேயே கேட்கிறார்கள். அக்கோபம் நியாயமானது, விடையைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். விரைந்து நடப்பது, வீடு பெருக்கித் துடைப்பது, தண்ணீர்க்குடம் சுமந்து மாடி ஏறுவது ஆகியன கணக்கில் சேரும். அடுப்பின் முன் இரண்டு மணி நேரம் நிற்பது, இருசக்கர வண்டியில் நெரிசலைக் கடப்பது, வார்டின் பிளாஸ்டிக் நாற்காலியில் இரவைக் கழிப்பது ஆகியன உடலை வாட்டும், ஆனால் வலுவாக்கா. களைப்பு வேறு, பயிற்சி வேறு. தனக்குப் பழகிய சுமையைவிடச் சற்றுக் கூடுதலான சுமையைச் சந்திக்கும்போதுதான் தசை வளர்கிறது. ஒரு காலத்தில் தரையில் சம்மணமிட்டு உண்டு, கை ஊன்றாமல் எழுவதே தொடைக்கு அன்றாடப் பயிற்சியாக இருந்தது. இன்று உணவு மேசை, சோபா, மேற்கத்தியக் கழிப்பறை என எல்லாமே முழங்கால் உயரத்திற்கு வந்துவிட்டன. அவற்றைக் கைவிடச் சொல்லவில்லை. மூட்டுவலி உடையோருக்கு அவை பேருதவி. இழந்த உழைப்பை வேறு வழியில் ஈடுசெய்ய வேண்டும் என்பதே எங்கள் கருத்து.

உலக சுகாதார நிறுவனம் 2010-இல் வெளியிட்ட பரிந்துரையில், உழைப்பு குறைந்தது பத்து நிமிடமாவது தொடர்ந்து நடக்க வேண்டும் என்ற நிபந்தனை இருந்தது. 2020-இல் வெளிவந்த புதிய பரிந்துரையில் அது நீக்கப்பட்டது. வாரத்திற்கு 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உழைப்பு, அத்துடன் இரண்டு நாளேனும் பெருந்தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சி என்பதே வளர்ந்தோருக்கு இன்று சொல்லப்படும் அளவு. அந்த 150 நிமிடத்தை ஐந்தைந்து நிமிடமாகவும் சேர்க்கலாம். இச்செய்தியின் பிற்பாதியாகிய வலுவூட்டும் பயிற்சியைப் பற்றி நாங்கள் நோயாளிகளிடம் பேசியதே அரிது. எல்லாவற்றுக்கும் நடையையே மருந்தாகக் கொடுத்து வந்தோம். நடை நல்லதுதான், ஆனால் தொடைக்கும் தோளுக்கும் தேவையான வலுவை அது மட்டும் தராது.

சிறு உழைப்புகளின் பயனை மருத்துவ உலகம் நெடுநாளாக அறியும். ஜெரமி மோரிஸ் என்னும் மருத்துவரும் அவர் குழுவினரும் இலண்டனின் இரட்டை அடுக்குப் பேருந்துகளில் பணியாற்றியோரை ஆராய்ந்து 1953-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட, படி ஏறி இறங்கிப் பயணச்சீட்டுக் கொடுத்த நடத்துநர்களுக்கு இதயநோய் குறைவாக இருந்தது. ஓட்டுநர்களின் சீருடைகள் இடுப்பளவில் பெரியனவாக இருந்ததையும் மோரிஸே பின்னர் எடுத்துக்காட்டினார். எனவே எல்லாப் பெருமையும் படிகளுக்கே உரியது என்று சொல்வதற்கில்லை. ஆயினும் அந்நடத்துநர்கள் எவரும் பயிற்சிக்கென்று தனியே ஒரு மணி நேரம் ஒதுக்கியவர்கள் அல்லர்.

பலரையும் அச்சுறுத்தும் ‘பத்தாயிரம் அடி’ என்ற கணக்கும், 1960-களில் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியதே. அமெரிக்காவில் முதிய பெண்களிடம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், நாளுக்கு 2,700 அடி நடந்தோரைவிட 4,400 அடி நடந்தோரிடையே இறப்பு குறைவாக இருந்தது. ஏறத்தாழ 7,500 அடிக்கு மேல் கூடுதல் பயன் தெரியவில்லை. கைக்கடிகாரம் பத்தாயிரத்தைக் காட்டவில்லையே என்று மனம் உடைந்து நடையையே நிறுத்திவிட்டோர் எங்களிடம் வந்திருக்கிறார்கள்.

இனிச் செய்வது பற்றி. எங்கள் முதல் பரிந்துரை நாற்காலி. கைகளை மார்பின் குறுக்கே வைத்துக்கொண்டு, கை ஊன்றாமல் எழுந்து, மெதுவாக அமர வேண்டும். குக்கரின் முதல் விசிலுக்கும் மூன்றாம் விசிலுக்கும் இடையே பத்து முறை செய்துவிடலாம். இரண்டாவது, சுவரில் உள்ளங்கைகளை ஊன்றி, முழங்கையை மடக்கி மார்பைச் சுவரருகே கொண்டுசென்று திரும்பத் தள்ளுவது. இது தோளுக்கும் மார்புக்கும். மூன்றாவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகால்களை உயர்த்தி இறக்குவது. இரவு உணவுக்குப் பின் மொட்டை மாடியிலோ தெருவிலோ பத்து நிமிட நடையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; உணவுக்குப் பின் ஏறும் சர்க்கரையை அது குறைக்கும்.

பலரும் தவறவிடும் இடம் ஒன்று உண்டு. பத்து முறை எழுந்து அமர்வது எளிதாகிவிட்டால் அது இனிப் பயிற்சியன்று. பதினைந்தாக்குங்கள், தாழ்ந்த முக்காலிக்கு மாறுங்கள், அல்லது இரண்டு கிலோ அரிசிப்பையை அணைத்துக்கொண்டு எழுங்கள். கடைசி இரண்டு மூன்று முறை கடினமாக இருக்க வேண்டும். “இந்த வயதிலா?” என்று தயங்குவோருக்கு ஒரு செய்தி: 1990-இல் வெளியான ஓர் ஆய்வில், பாஸ்டன் நகர முதியோர் இல்லமொன்றில் தொண்ணூறு வயதை ஒட்டிய சிலருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப்பயிற்சி அளித்தார்கள். அவர்களின் கால் வலு இரண்டு மடங்குக்கும் மேலாக உயர்ந்தது.

எச்சரிக்கைகளும் உண்டு. நெஞ்சில் அழுத்தமோ வழக்கத்திற்கு மீறிய மூச்சிரைப்போ உள்ளவர்கள், இரத்த அழுத்தம் கட்டுக்குள் வராதவர்கள், சர்க்கரையால் விழித்திரையில் இரத்தக்கசிவு ஏற்பட்டவர்கள், அண்மையில் வயிற்றறுவை செய்துகொண்டவர்கள் எங்களிடம் கேளாமல் தொடங்க வேண்டாம். இன்சுலினோ கிளிமிபிரைடு போன்ற மாத்திரையோ எடுப்போர் கையில் சிறிது சர்க்கரை வைத்திருங்கள். பாதம் மரத்துப்போனவர்கள் வெறுங்காலுடன் நடக்கலாகாது. எவராயினும் மூச்சை அடக்கிக்கொண்டு எடை தூக்க வேண்டாம்.

தொப்பை மட்டும் குறைய வழி கேட்போருக்கு: வயிற்றுப் பயிற்சியால் வயிற்றுக் கொழுப்பை மட்டும் கரைக்க இயலாது. தட்டில் சோற்றைச் சிறிது குறைத்து, அவ்விடத்தில் சுண்டல், பருப்பு, முட்டை, மீன், தயிர் என ஏதேனும் ஒரு புரத உணவை வையுங்கள். தசைக்கும் அது தேவை. சிறுநீரக நோய் உள்ளவர்கள் மட்டும் அளவைக் கேட்டுக்கொள்ளவும்.

வார்டில் துணைக்கு இருப்போருக்குத் தனியே ஒரு சொல். ஒரு மாடி ஏறுவதாயின் லிஃப்டை நோயாளிகளுக்கு விட்டுவிட்டுப் படியில் ஏறுங்கள். மருந்தகத்தில் டோக்கன் எண் வரும்வரை குதிகாலை உயர்த்தி இறக்குங்கள். யாரேனும் பார்த்தால் பார்க்கட்டும். எங்கள் செவிலியர்கள் சிலரும் மருந்து வண்டியின் அருகே நின்று அதைச் செய்யக் கண்டிருக்கிறோம்.

ஆயினும் எல்லாவற்றையும் நிமிடக் கணக்கில் அடக்கிவிட முடியும் என்று நாங்கள் எண்ணவில்லை. ஓர் ஆணிடம் “பயிற்சி செய்யுங்கள்” என்றால் அவர் காலணி அணிந்து வெளியே கிளம்புகிறார். அவர் திரும்பும்போது காபி தயாராக இருக்கிறது. அதையே அவர் மனைவியிடம் சொன்னால், அந்நேரத்துக் காபியை யார் போடுவது என்பதே முதற்கேள்வி. இது மருத்துவர்கள் பேசும் பொருளன்று எனச் சிலர் கருதலாம். நாங்கள் அவ்வாறு கருதவில்லை. உப்பைக் குறைக்கச் சொல்லும்போது வீட்டார் அனைவரையும் அழைத்துச் சொல்கிறோம். பயிற்சிக்கும் அவ்வாறே சொல்ல வேண்டும்: வாரத்தில் இரண்டு நாள், இருபது நிமிடம், இவரை யாரும் எதற்கும் அழைக்கலாகாது.

அப்பெண்மணி நான்கு மாதம் கழித்து, மாமியாரின் மறுபரிசோதனைக்காக வந்தார். நடுவில் எங்கள் உடலியக்க மருத்துவர் மாமியாருக்கு நாற்காலிப் பயிற்சியைக் கற்றுத்தந்தபோது இவரும் உடன் கற்றுக்கொண்டிருந்தார். மாமியார் உரக்க எண்ண, மருமகள் பதினைந்து முறை எழுந்து அமர்கிறாராம். பிறகு மருமகள் அருகில் நிற்க, மாமியார் ஐந்து முறை. காலைக் காபி இப்போது கணவருடைய பொறுப்பு. “வாயில் வைக்க முடியவில்லை டாக்டர், இருந்தாலும் குடித்துவிடுகிறோம்” என்றார். அவருடைய மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி குறைந்திருந்தது. மாத்திரையும் உடன் இருப்பதால், பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல இயலவில்லை.

எங்கள் சீட்டையும் மாற்றிக்கொண்டிருக்கிறோம். புறநோயாளிப் பிரிவில் கைப்பிடி இல்லாத நாற்காலி ஒன்று போடப்பட்டுள்ளது. எடையும் இரத்த அழுத்தமும் பார்த்தபின், நாற்பது வயது கடந்தவர்களை ஐந்து முறை கை ஊன்றாமல் எழுந்து அமரச் சொல்லி நேரத்தைக் குறித்துக்கொள்கிறோம். ஆசிய மருத்துவ வல்லுநர் குழு 2019-இல் வகுத்தபடி, 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால் கால்களின் இயக்கத்திறன் குறைந்துள்ளது என்று பொருள். சேலையிலும் வேட்டியிலும் செய்யலாம். துணைக்கு வருவோரும் செய்து பார்க்கலாம். அதற்குத் தனிச்சீட்டு வேண்டியதில்லை, கட்டணமும் இல்லை.