பூச்சிக்கு விஷமா, மண்ணா?



அடுப்படியில் கரப்பான் ஓடுகிறது. கட்டிலில் மூட்டைப்பூச்சி கடித்துப் பிள்ளைகள் தூங்க முடியவில்லை. சீனி டின்னைச் சுற்றி எறும்பு வரிசை போகிறது. உடனே நம்மவர்கள் என்ன சொல்கிறார்கள்? "ஸ்டோர்ல அடிக்கிற மருந்து மிச்சம் இருந்தா ஒரு போத்தல்ல ஊத்திக் கொண்டாங்க." இந்த ஒரு வார்த்தையை நம் குடும்பங்கள் மறந்துவிட வேண்டும். இன்றைக்கு நாம் சொல்ல வந்தது இதுதான்.

வேலைக்காட்டு மருந்து வீட்டுக்கு வரக்கூடாது. கிச்சாப் போத்தலிலும் சர்பத் போத்தலிலும் ஊற்றி அடுப்புக்குக் கீழே வைக்கவே கூடாது. போத்தலைப் பார்க்கிற பிள்ளைக்கு அது மருந்தா, சர்பத்தா என்று எப்படித் தெரியும்? இருட்டில் தாகத்துக்குத் தடவி எடுக்கிற பெரியவருக்குத்தான் எப்படித் தெரியும்?

நம் தோட்டங்களின் கதையில் பாதி விஷத்தின் கதை. ரப்பர் காலத்தில் களையைக் கொல்ல சோடியம் ஆர்செனைட் என்ற பாஷாணத்தை அடித்தார்கள். 1960களில் பாராகுவாட் வந்தது. முதுகில் தோம்பைச் சுமந்து அதை அடித்தவர்களில் பெரும்பாலோர் நம் பெண்கள். நகம் கழன்றது, கண் எரிந்தது, மூக்கில் ரத்தம் வந்தது. அந்த மருந்தில் ஒரு வாய் உள்ளே போனாலும் உயிருக்கு ஆபத்து. மாற்று மருந்து கிடையாது. 2002ல் தெனாகானித்தா அமைப்பு மருந்தடிக்கும் பெண்களின் நிலையை அறிக்கையாக வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட்டைப் படிப்படியாக நிறுத்துவதாக அறிவித்தது. 2006ல் அந்தத் தடை தளர்ந்தது. முழுத் தடை வந்தது 2020 ஜனவரி 1ல்தான். அறிவிப்புக்கும் முழுத் தடைக்கும் நடுவே பதினேழு வருஷத்துக்கு மேல் ஓடிப்போயிற்று. இன்னும் யார் வீட்டுக் கொல்லையிலாவது பழைய போத்தல் கிடந்தால் அதைத் தொட்டு விளையாட விடாதீர்கள். இன்னொன்றும் கேளுங்கள்: களைக்கொல்லி கரப்பானைக் கொல்லாது, ஆளைக் கொல்லும்.

"அப்படின்னா பூச்சியோடேயே குடித்தனம் நடத்தச் சொல்றீங்களா?" என்று கேட்பீர்கள். இல்லை. ஊர்ந்து போகிற பூச்சிக்கு விஷமில்லாத ஒரு வழி இருக்கிறது. அதற்கு டயாட்டம் மண் என்று பெயர்.

டயாட்டம் என்பது தண்ணீரில் வாழும், கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி. அதன் ஓடு சிலிக்காவால் ஆனது. மணலும் அந்த இனம்தான். பல லட்சம் ஆண்டுகளாக ஏரியின் அடியிலும் கடலின் அடியிலும் இந்த ஓடுகள் படிந்து மண்ணாகக் கிடக்கின்றன. அதை வெட்டி எடுத்து மாவாக அரைத்து விற்கிறார்கள். பூச்சியின் உடம்பு மேல் மெழுகு போல ஒரு மெல்லிய பூச்சு உண்டு. உடம்பிலுள்ள நீர் வற்றாமல் காப்பது அதுதான். இந்தப் பொடி ஒட்டியதும் மெழுகை உறிஞ்சிவிடுகிறது, சுரண்டியும் விடுகிறது. பூச்சி நீர் வற்றிச் சாகிறது. மூட்டைப்பூச்சி பல ஸ்பிரே மருந்துகளுக்குப் பழகிப்போய்விட்டது. தோல் காய்ந்து சாவதற்குப் பழகுவது அவ்வளவு சுலபமில்லை.

இது ஏதோ வெள்ளைக்காரன் கண்டுபிடிப்பு என்று நினைக்க வேண்டாம். ஊரில் நம் பாட்டிமார் விதைக்கு வைத்த பயறில் அடுப்புச் சாம்பலைக் கலந்து பானையில் கட்டி வைத்தார்கள். துவரைக்குச் செம்மண் கட்டி வெயிலில் காயவைத்தார்கள். வண்டு விழாமல் இருந்தது. காரணம் கேட்டால் "பெரியவங்க செஞ்சாங்க, நாங்களும் செய்யறோம்" என்றார்கள். காரணத்தை விஞ்ஞானிகள் பிறகு சொன்னார்கள். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார், பதப்படுத்திய களிமண்ணும் கரியும் பூச்சியைக் கொல்வதை 1959ல் எழுதி வெளியிட்டார்கள். சாம்பலும் செம்மண்ணும் டயாட்டம் மண்ணும் ஒரே குடும்பத்துப் பொடிகள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எப்படிப் போடுவது? குவியலாகக் கொட்டினால் பூச்சி சுற்றிக்கொண்டு போய்விடும். காய்ந்த பிளாஸ்டிக் போத்தலில் போட்டு, மூடியில் சின்ன ஓட்டை குத்தி, மெல்லமாக ஊத வேண்டும். கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு படலம் இருந்தால் போதும். பலகைச் சுவரின் இடுக்கு, அலமாரிக்குப் பின்னால், கட்டில் கால் பொருந்துகிற மூட்டு, கதவு நிலைக்குக் கீழே, இவைதான் இடங்கள். மூட்டைப்பூச்சிக்கு முதலில் துணியெல்லாம் சுடுதண்ணீரில் துவைத்து, மெத்தையை நல்ல வெயிலில் போட்டு, கட்டிலைக் கழற்றித் தட்டிவிட்டுப் பிறகுதான் பொடி. போட்ட அன்றே பலன் பார்க்காதீர்கள். சில நாள், சில சமயம் சில வாரம்கூட ஆகும். கோழி வளர்ப்பவர்கள், கோழி புரளுகிற குழியில் காய்ந்த மணலோடு சாம்பல் கலந்து போட்டாலே கோழிப்பேன் குறையும்.

இதன் குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நம் நாடு மழை நாடு. இந்தப் பொடி காய்ந்திருந்தால்தான் வேலை செய்யும். லோபாக்கிலும் சிரம்பான் சுற்றுவட்டாரத்திலும் பிற்பகலானால் மழை கொட்டுகிறது. வாசலில் போட்டது அன்று சாயங்காலமே காண்டாவுக்குள் போய்விடும். ஆகவே கூரைக்குக் கீழே, ஈரம் படாத இடத்தில்தான் இதற்கு வேலை. பூச்செடி மேல் தூவ வேண்டாம், தேனீக்கும் இது எமன். கொசுவுக்கும் எலிக்கும் இது உதவாது. டெங்கிக் கொசுவுக்கு வாளி, டயர், பூந்தொட்டித் தட்டு ஆகியவற்றில் தேங்கிய தண்ணீரைக் கவிழ்ப்பதுதான் மருந்து. எலிக்குக் குப்பையை மூடி வைப்பதுதான் மருந்து. எலி மூத்திரத்தால் வருகிற காய்ச்சலும் ஆளைக் கொல்லும் என்பதை நினைவில் வையுங்கள்.

எதிரி யாரென்று தெரியாமல் மருந்தடிப்பதால் என்ன ஆகும் என்பதை நம் நெகிரி செம்பிலான் மாநிலமே பார்த்திருக்கிறது. 1998 கடைசியில் சிக்காமட்டிலும், 1999ல் புக்கிட் பிலாண்டோக்கிலும் மூளைக்காய்ச்சல் பரவியது. முதலில் அதை ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று நினைத்து, கொசுவுக்குப் புகையடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். சாவு நிற்கவில்லை. 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தார் அது பன்றியிலிருந்து மனிதருக்குத் தொற்றுகிற புதிய கிருமி என்று கண்டுபிடித்தார்கள். சுங்கை நீப்பா கம்பத்தின் பெயரால் அதற்கு நிபா என்று பெயர் வைத்தார்கள். நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். எத்தனை புகையடித்தாலும் கொசுவால் வராத நோய் அடங்குமா? வீட்டிலும் இதே நியாயம்தான். முதலில் என்ன பூச்சி, எங்கே ஒளிகிறது, எதைத் தின்ன வருகிறது என்று பாருங்கள். பிறகு கையில் பொடியை எடுங்கள்.

வாங்கும்போது மூன்று விஷயம் கவனியுங்கள். நீச்சல் குளத் தண்ணீரை வடிகட்டுவதற்கு விற்கிற டயாட்டம் மண் வேறு. அதைச் சூளையில் சுட்டிருப்பார்கள். அதன் தூசி நுரையீரலைக் கெடுக்கும், புற்றுநோயும் தரும். அதை வீட்டில் போடவே கூடாது. இரண்டாவது, பூச்சிக்கென்று விற்கிற நல்ல பொடியானாலும் தூசி தூசிதான். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு போடுங்கள். கைப்பிள்ளையும் இழுப்பு நோய்க்காரரும் அந்த நேரம் வெளியே இருக்கட்டும். மூன்றாவது, லேபிளைப் படியுங்கள். 1974ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டப்படி, பூச்சியைக் கொல்ல விற்கிற மருந்து பதிவாகியிருக்க வேண்டும். லேபிளில் உள்ள நிறப் பட்டையைப் பாருங்கள். கறுப்பும் சிவப்பும் கொடிய விஷம். மஞ்சள் அதற்கு அடுத்தது, பிறகு நீலம். வெள்ளைதான் இருப்பதில் குறைந்தது. படிக்கத் தெரியாத அம்மாவுக்கும் நிறம் தெரியுமல்லவா? பக்கத்து வீட்டுப் பாட்டிக்கு இதைச் சொல்லிக் கொடுங்கள்.

யாராவது தவறி மருந்தைக் குடித்துவிட்டால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். அந்தப் போத்தலையும் லேபிளையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

கடைசியாக ஒன்று. கரப்பானும் எலியும் நம் அசுத்தத்தால்தான் வருகின்றன என்று சில துரைமார் பேசுவது வழக்கம். காண்டா அடைத்துக் கிடந்தால், குப்பை லாரி வாரக்கணக்கில் வராவிட்டால், பலகை இற்றுப்போய்ச் சந்து விழுந்தால், அதற்கும் தொழிலாளிதான் காரணமா? தொழிலாளர் குடியிருப்பு பற்றிய 1990ஆம் ஆண்டுச் சட்டம் வீடு, தண்ணீர், சுகாதாரம் ஆகியவற்றில் முதலாளிக்குக் கடமை வைத்திருக்கிறது. பொடி போடுவது நம் வேலை. காண்டா வெட்டுவதும், பலகை மாற்றுவதும், மருந்து ஸ்டோரைப் பூட்டி வைப்பதும் நிர்வாகத்தின் வேலை. சந்தை அடைக்காமல் பொடியை மட்டும் தூவிக்கொண்டிருந்தால், அடுத்த மாதமும் அதே கரப்பான் அதே வழியாக வரும்.

ஆகவே இந்த வாரம் இரண்டு காரியம் செய்யுங்கள். வீட்டில் லேபிள் இல்லாத போத்தல் இருந்தால், அதைத் திறக்காமல், காண்டாவில் கொட்டாமல், ஸ்டோர் பொறுப்பாளரிடம் ஒப்படையுங்கள். அடைத்துக் கிடக்கும் காண்டாவையும் ஓட்டை விழுந்த சுவரையும் எழுதிக் கமிட்டித் தலைவரிடம் கொடுங்கள். ஒரு வீடு கேட்டால் புகார் என்பார்கள், லயம் முழுக்கக் கேட்டால் பதில் சொல்லியே ஆகவேண்டும்.