அப்பா போட்ட கோழிக் கொட்டகை

நாமக்கல் பக்கம் எங்கள் தோட்டத்தில் மஞ்சள் காயப்போடும் களமும், ஒட்டினாற்போல் ஒரு கிடங்கும் உண்டு. அவற்றைப் பற்றி வருமான வரிக்காரர்கள் ஒரு வார்த்தை கேட்டதில்லை. விவசாய வருமானத்துக்கு வரி கிடையாது. நாற்பதடி தள்ளி நிற்கும் கோழிக் கொட்டகையின் கதை வேறு. மண்ணில் பாடுபட்டால்தான் விவசாயம் என்று 1957இல் உச்ச நீதிமன்றம் அளவுகோல் வைத்துவிட்டது. கோழி தின்னும் மக்காச்சோளம் எங்கள் காட்டிலேயே விளைந்தாலும் முட்டை வியாபாரச் சரக்குதான். அதில் எனக்கு வழக்கில்லை.

என் வழக்கு தேய்மானத்தில்.

கொட்டகையை அப்பா 2004 ஜூனில் போட்டார். செங்கல், ஆஸ்பெஸ்டாஸ், கம்பி வலை, கொத்தனார் கூலி, சித்தாள்களுக்கு வாங்கிய டீ வரை நோட்டில் எழுதி வைத்திருக்கிறார். மொத்தம் 6 லட்சம். முதல் பத்து வருடம் வருமானம் வரி வரம்பைத் தொடவில்லை, ரிட்டர்னும் போடவில்லை. 2014-15 கணக்கிலிருந்துதான் போட ஆரம்பித்தார், அதுவும் பேங்கில் லோன் கேட்டபோது. 2019 சித்திரையில் போய்ச் சேர்ந்தார்.

கட்டடத்துக்கு ஆண்டுக்கு 10 சதவீதம் தேய்மானம், மீதியின் மேல் மீதியாக. அப்பாவுக்கு ஐந்து வருடம்தான் தேய்மானம் கிடைத்தது. அப்படிப் பார்த்தால் கொட்டகையின் ஏட்டு மதிப்பு 3,54,000 சொச்சம் நிற்க வேண்டும். ஆடிட்டர் தம்பி கால்குலேட்டரை என் பக்கம் திருப்பினார்: “உங்க கணக்குல 1,23,500 தானுங்கக்கா.”

காரணம், 2019இல் நடப்பிலிருந்த 1961 வருமான வரிச் சட்டத்தில் 43ஆம் பிரிவின் ஒரு விளக்கம். சொத்து வாரிசாக வந்தால், முன்னவர் போட்ட விலையிலிருந்து, கிடைத்திருக்கக்கூடிய தேய்மானம் முழுவதையும் கழிக்க வேண்டுமாம். கிடைத்ததா என்பது கேள்வியே இல்லை. அப்பா உயிரோடிருந்தவரை அவருக்கு வேறு அளவு: ‘உண்மையில் அனுமதிக்கப்பட்ட’ தேய்மானம் மட்டுமே கழியும். டூம் டூமா வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் இந்தச் சொற்களை நேர்ப்பொருளில்தான் எடுத்துக்கொண்டது. ஆக, அவர் கண்மூடிய அன்று கொட்டகை ஒரே இரவில் 2,30,000 ரூபாய் தேய்ந்துவிட்டது! சுவரில் ஒரு விரிசலும் விழவில்லை.

அமெரிக்காவில் பண்ணைக் கட்டடம் வாரிசுக்கு வந்தால், இறந்த நாளின் சந்தை விலையிலிருந்து தேய்மானம் புதிதாகத் தொடங்குகிறது. அந்தச் சலுகையை நான் கேட்கவில்லை. அப்பா ஒருமுறை கழித்ததை மகளும் கழிப்பது நியாயமில்லைதான். அவர் கழிக்காததை எனக்கு ஏன் மறுக்க வேண்டும்?

“அந்தப் பத்து வருடம் உங்கப்பா வரியே கட்டவில்லையே” என்று கேட்கலாம். கட்டுமளவுக்கு வருமானம் இல்லை, அவ்வளவுதான். அதற்கான தண்டம் என் தலையில் விழுகிறது: வருடா வருடம் கழிக்கும் தொகை குறையும், நாளைக்கு விற்றால் அந்தக் குறைந்த ஏட்டு மதிப்புக்கு மேல் வருவதெல்லாம் குறுகிய கால லாபமென்று வரி விழும்.

விதியில் ‘கிடைத்திருக்கக்கூடிய’ என்பதைக் ‘கிடைத்த’ என்று மாற்றினால் போதும். எங்கள் ஊரில் அப்போது கொட்டகை போட்டவர்களில் ரிட்டர்ன் போட்டவர்களை விரல்விட்டு எண்ணலாம். கொட்டகை போட்டவர்களுக்கெல்லாம் இப்போது எழுபதைத் தாண்டிவிட்டது.