பேய் பிடித்ததா, வியாதி பிடித்ததா?

காஞ்சிபுரத்தில் கோவிலுக்குப் பஞ்சமில்லை. கோவிலுக்குப் பஞ்சமில்லாத ஊரில் பேய்க்கும் பஞ்சமிருக்காது போலும்!

பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் வீட்டை எடுத்துக் கொள்வோம். தகப்பனோடு தறியில் உட்கார்ந்து கோர்வைச் சேலைக்குக் கரை நாடா தள்ளி வந்த இருபது வயதுப் பையன், தூக்கமின்றித் திரிகிறான். காதில் யாரோ பேசுவதாகச் சொல்லுகிறான். பெற்ற தாய் சோற்றில் விஷம் வைத்தாள் என்கிறான். கிழவனாருக்குச் சர்க்கரை வியாதி என்றதும் ஆஸ்பத்திரிக்கு ஓடிய அதே வீட்டார், பையனுக்கு மாத்திரம் மந்திரவாதியைத் தேடுகிறார்கள். தாயத்து, கோழி, எலுமிச்சம்பழம், வேப்பிலை அடி என்று முதலாளியிடம் வாங்கிய முன்பணமெல்லாம் கரைந்து போகிறது. கணையம் கெட்டால் வியாதி, மூளை கெட்டால் பேய் என்பதற்கு என்ன ஆதாரம் என்று கேட்கின்றோம்.

நிற்க, இந்தப் பேய் வைத்தியத்தின் பலனை 2001ஆம் ஆண்டு ஆகஸ்டு 6ந் தேதி நாடே பார்த்தது. இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில், தர்காவை நம்பிக் கொண்டுவந்து விடப்பட்டவர்களை அடைத்து வைத்திருந்த ஒரு கொட்டகையில் அதிகாலையில் தீப்பிடித்தது. 28 பேர் மாண்டார்கள். ஓடத் தெரியாமலா மாண்டார்கள்? காலில் சங்கிலி பூட்டியிருந்தது! இதைக் கேட்டு இந்து சகோதரர்கள் யாரும் சந்தோஷப்பட வேண்டியதில்லை. அந்தத் தர்காவுக்கு எல்லா மதத்தாரும் போகிறார்கள். குணசீலத்துப் பெருமாள் கோவிலில் 48 நாள் தங்க வைப்பதும் இதே நம்பிக்கைதான்.

பிற்பாடு ஏர்வாடியிலேயே டாக்டரைக் கொண்டு மருந்து கொடுக்க சர்க்கார் ஏற்பாடு செய்தது. இப்பொழுது, "தொழுகையும் மருந்தும் சேர்ந்து குணமாக்குகின்றன" என்கிறார்கள். மருந்தில்லாத அத்தனை காலமும் தொழுகை தனியாக இருந்ததே, அப்பொழுது சங்கிலி எதற்கு வேண்டியிருந்தது?

வெள்ளைக்காரன் நாட்டிலும் ஒரு காலத்தில் அடைப்பும் கட்டும்தான் வைத்தியமாக இருந்தன. 1952இல் பாரிசில் டிலே, டெனிக்கர் என்னும் டாக்டர்கள் குளோர்ப்ரோமசின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். கூச்சலும் வெறியும் அடங்கின. வருஷக்கணக்கில் அடைபட்டுக் கிடந்த பலர் பின்னர் வீடு திரும்ப வழி பிறந்தது. "இங்கிலீஷ் மருந்து நமக்கு ஆகாது" என்பாருக்கு ஒன்று சொல்லுவோம். நம் நாட்டுச் சர்ப்பகந்தி வேர் பைத்தியத்துக்கும் இரத்தக் கொதிப்புக்கும் உதவுகிறதென்று 1931இலேயே கணநாத சென், கார்த்திக் சந்திர போஸ் என்ற வங்காளத்து டாக்டர்கள் எழுதினார்கள். அதிலிருந்து எடுத்த மருந்தை மேல்நாட்டாரும் கொடுத்தார்கள். அதனால் சிலருக்கு மனச்சோர்வு வருவதாகச் சொல்லப்பட்டது, வேறு நல்ல மருந்தும் கிடைத்தது. பைத்தியத்துக்கு அதைக் கொடுப்பதை ஏறக்குறைய விட்டுவிட்டார்கள். பலிக்காத மந்திரத்தை இப்படி விட்டுவிட்ட பூசாரி ஒருவரையாவது காட்ட முடியுமா?

மருந்தும் மாயமல்ல. காதில் கேட்கும் பேச்சு குறைய வாரக்கணக்கில் ஆகும். சிலருக்கு முழுதும் போகாது. கை நடுங்கலாம், உடல் பெருக்கலாம், தூக்கம் மிகலாம். நடுங்கும் கையால் நாடா தள்ள முடியாதென்பது வாஸ்தவம்தான். அதை டாக்டரிடம் சொல்லி அளவையோ மருந்தையோ மாற்றிக் கொள்ளவேண்டுமேயொழிய, தானாக நிறுத்தலாகாது. நம்மவர்களோ, கொஞ்சம் தெளிந்ததும் "அம்மன் கிருபை" என்று மாத்திரையை எறிகிறார்கள். வியாதி திரும்பியதும் "மருந்து பலிக்கவில்லை" என்கிறார்கள். வரவெல்லாம் அம்மன் கணக்கு, நஷ்டமெல்லாம் டாக்டர் கணக்கு!

2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி சங்கிலி பூட்டுவது கூடாது. ஆனால் நம்மிலேயே கோவிலுக்குப் போகாத சில சுயமரியாதைக்காரர்கள், பையனை டாக்டரிடம் காட்டினால் கவுரவம் போய்விடுமென்று வீட்டிலேயே ஒளித்து வைத்து, "ஒரு கல்யாணம் செய்தால் தெளிந்துவிடும்" என்று, உண்மையைச் சொல்லாமல் பெண் தேடுகிறார்கள். அந்தப் பெண் என்ன, வேப்பிலையா, தாயத்தா என்று கேட்கின்றோம்.